சீமாட்டிக்கு மாத்திரை கிடையாது

அக்கா,

இன்று காலை கிளினிக் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்தேன். உங்கள் வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர். கையை வெட்டி, கழுத்தைச் சுருக்கி, வயிற்றுப் பக்கம் பட்டன் வைத்து நீங்கள் சீமாட்டிக்காகத் தைத்தது. ஒரு பட்டன் சிவப்பு, ஒரு பட்டன் வெள்ளை. எத்தனையோ தடவை துவைத்தாகிவிட்டது. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் உங்கள் ஏலக்காய் ஸ்டோரின் வாசனை வருகிறது. காய் உலர்த்தும் அறையில் விறகுப் புகையும் பச்சைக் காயின் ஆவியும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்குமே, அதேதான். அந்த அறையின் வெளிச்சுவரை ஒட்டித்தான் சீமாட்டி எப்போதும் படுத்திருப்பாள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்திலேயே வெதுவெதுப்பான இடம் அது ஒன்றுதான்.

ஸ்வெட்டரை எதற்கு எடுத்தேன் என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். சீமாட்டிக்குக் கடைவாய்ப் பல் கெட்டுப்போய்க் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிவிட்டது. மயக்கம் கொடுத்துப் பிடுங்கினால்தான் ஆகும். நானோ அடுத்த வாரம் பார்க்கலாம், மழை விடட்டும், முகூர்த்தக் கூட்டம் குறையட்டும் என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். போடியில் யார் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று வாய் கிழியப் பேசுகிற டாக்டர், உங்கள் நாய் என்றதும் நடுங்கிவிட்டேன். சிப்பிப்பாறை நாய், அதுவும் இப்போது கிழவி. போதாததற்கு, அவளை விட்டால் உங்களுடையது என்று சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நீங்கள் இருந்த நிலைக்கு உங்களுக்கும் பாதிதான் நினைவிருக்கும் என்பது வேறு விஷயம். நான் கிளினிக் திறந்த புதிது. மாட்டுக்கு ஊசி போடத்தான் ஆள் வேண்டும், நாய்க்கெல்லாம் ஒரு டாக்டரா என்று தெருவே வேடிக்கை பார்த்த காலம். அன்று சந்தை நாள். மத்தியான வெயிலில் ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். உங்கள் தோளில் ஒரு போர்வை மூட்டை. மூட்டையிலிருந்து நீண்டு மெலிந்த ஒரு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பின்னால் காய் எடுக்கும் பெண்கள் மூன்று பேர், அரைநாள் வேலை முடித்துச் சந்தைக்கு இறங்கியவர்கள்.

"நாய் டாக்டரு நீதானா தாயி? பச்சப்புள்ளையால்ல இருக்கே!"

பன்றிக்குப் போட்ட முள்கம்பி வேலியைத் தாண்டப் போய் விலாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள் சீமாட்டி. ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வாயைப் பிளந்திருந்தது. மஞ்சளை அப்பி, பழைய வேட்டியால் கட்டியிருந்தீர்கள். தையல் போட வேண்டும், அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும் என்றேன். கேட்க வேண்டிய கேள்வியையும் ஒழுங்காகத்தான் கேட்டேன்.

"மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாக்கா?"

"மருந்தா? மஞ்சத்தூளு வச்சுக் கட்டுனேன். வேற ஒன்னுமே குடுக்கல. வெரசாப் பாரு தாயி, எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

நான் ஊசியில் மருந்தை ஏற்றினேன். முதலில் சாந்தப்படுத்தும் ஊசி, பிறகு மயக்கம், இதுதான் முறை. இந்த ஒல்லி நாய்கள் விஷயத்தில் கை அடக்கி ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கென்றே பிறந்த உடம்பு அது. எலும்பும் சதையும் இருக்கும், கொழுப்பு இருக்காது. மற்ற நாய்க்குச் சீக்கிரம் தெளிந்துவிடுகிற சில மருந்துகள் இவற்றுக்குத் தெளியாமல் இழுத்துக்கொண்டே போகும். சாந்தப்படுத்தும் ஊசியும் கொஞ்சம் கூடினாலே போதும், ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, குத்துவதற்காக அவள் காலைப் பிடித்தபோதுதான் ஏதோ உறுத்தியது.

விலா கிழிந்த நாய். மலைப்பாதையின் வளைவு அத்தனையிலும் உருண்டு புரண்டு வந்த நாய். முன்பின் தெரியாத அறை, ஸ்பிரிட் நாற்றம். அது குரைக்க வேண்டும், குறைந்தது நடுங்கவாவது வேண்டும். சீமாட்டியோ என் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி சீரியல் பார்க்கிற மாதிரி கிடந்தாள். ஈறு வெளுத்திருந்தது. கண்ணின் உள்ஜவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆனால் வேட்டிக்கட்டில் அவ்வளவு ரத்தம் இல்லை.

உங்களைக் கேட்கலாம் என்று தலையைத் தூக்கினேன். தூக்கியவள் திகைத்துப்போனேன். பெஞ்சில் அந்த மூன்று பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா வாயில் வெற்றிலையோடு தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே ஆடினீர்கள். ஈரக்குலை நடுங்குகிறது என்று இப்போதுதான் சொன்ன பெண்மணிக்குக் கண் சொக்கிக்கொண்டு போகிறது!

"அக்கா, என்ன எல்லாரும் இப்படித் தூங்குறீங்க?"

"அது பஸ்சு மாத்திரை தாயி." உங்கள் நாக்கு குழறியது. "மலையில ஏறுனா எறங்குனா போட்டுக்குவோம். இல்லாட்டி வளைவுல கொடலு வாய்க்கு வந்துரும்ல."

"சீமாட்டிக்கு?"

"அவளுக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ணுவேனா? வெல்லத்துல பொதிஞ்சு முழுசாக் குடுத்தேன். சமத்தா முழுங்கிட்டா."

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன். நீங்கள் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிற அந்த வாந்தி மாத்திரையும் என் ஊசியில் இருந்த மருந்தும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. தம்பி ஏற்கெனவே உள்ளே போய் அவளைப் படுக்க வைத்துவிட்டான். அண்ணனையும் நான் அனுப்பியிருந்தால் அந்த ஒல்லி உடம்பு தாங்கியிருக்காது.

"மருந்து குடுத்தீங்களான்னு கேட்டேன்ல?" நான் கத்தியே விட்டேன்.

"நீ மருந்தக் கேட்டே. பஸ்சு மாத்திரை மருந்தா? டப்பாவுல இருந்து மிட்டாயி எடுக்குற மாதிரி ஜீப்புல எல்லாரும் கேட்டு வாங்கிப் போடுறது. அதப் போயி மருந்துன்னா எப்படி?" என்று என்னையே மடக்கினீர்கள். நான் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல உங்கள் முகத்திலிருந்து தூக்கம் இறங்குவதைப் பார்த்தேன். கடைசியில் தரையில் உட்கார்ந்து மேசைக்காலைக் கட்டிக்கொண்டீர்கள். "அப்ப நானே எம்புள்ளயக் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டபோது உங்கள் குரலில் கேலி எல்லாம் போய்விட்டது.

அதன்பிறகு நாம் காத்திருந்தோம். டிரிப் ஏற்றினேன். கொழுப்பில்லாத உடம்பு மயக்கத்தில் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று சொன்னதும், நீங்கள் எதிர்த்த டீக்கடையில் வெந்நீர் வாங்கி, சோடா பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொண்டுவந்து அவள் இரண்டு பக்கமும் அடுக்கினீர்கள். பாட்டில் ஆற ஆறப் போய் மாற்றினீர்கள். டீக்கடைக்காரர் கடைசியில் கெட்டிலையே கையில் கொடுத்துவிட்டார். நாடி கொஞ்சம் தேறியதும், காயத்தைச் சுற்றி மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுத் தையலை முடித்தேன். ஈறு மெல்ல மெல்லச் சிவந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சீமாட்டி எழுந்திருக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கூட அசையவில்லை.

நீங்கள் எழுந்தீர்கள். வாசலுக்குப் போனீர்கள். ஜீப் டிரைவர் முத்தண்ணன் ஒருவர்தான் அன்று மாத்திரை போடாத ஆள், பிழைத்தோம். "முத்து, ஆரன அடிப்பா. நல்லா அமுக்கி அடி!" என்றீர்கள். அவர் அடித்தார். நீங்கள் உள்ளே திரும்பி, தோட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரலில் கத்தினீர்கள்.

"ஏ சீமாட்டி! ஜீப்பு கெளம்பிருச்சுடீ!"

பெஞ்சில் இருந்த பெண்கள் மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு எழுந்து, "எங்க, எங்க, கெளம்பிருச்சா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், தலையைத் தூக்கி, முன்னங்காலை ஊன்றி, டிரிப் கம்பியையும் இழுத்துக்கொண்டு சீமாட்டி எழுந்து நின்றாள். நீங்கள் சிரித்தீர்கள், நான் சிரித்தேன், எதிர்த்த டீக்கடையே சிரித்தது. அழுதது நீங்களா நானா என்று பின்னால் நமக்குள் பெரிய தகராறே நடந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன், இரண்டு பேரும்தான்.

போகும்போது வாசலில் நின்று எனக்கு ஒரு கட்டளை போட்டீர்கள். "இனிமே மருந்து குடுத்தியான்னு கேக்காத தாயி. எங்க சனத்துக்கு அது வெளங்காது. ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி வாயில என்னத்தப் போட்டேன்னு கேளு." அன்றிலிருந்து இந்தக் கிளினிக்கில் அதுதான் கேள்வி. கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, இந்த மலையில் நாய்களின் வாயில் என்னவெல்லாம் போகிறது என்று. தாத்தாவின் தூக்க மாத்திரையில் கால்வாசி, சளி மருந்து ஒரு மூடி, ஒரு வீட்டில் கோயில் திருநீறு. திருநீற்றுக்கு மட்டும் நான் ஆட்சேபம் சொல்வதில்லை.

நீங்கள் அதோடு விட்டீர்களா? அடுத்த முறை தையல் பிரிக்க வந்தபோது சீமாட்டி இந்தப் பச்சை ஸ்வெட்டரில் இறங்கினாள். தெருவே வாயைப் பிளந்தது. அதற்கடுத்த முறை வந்தபோது வயிறு கொட்டாங்கச்சி மாதிரி உருண்டிருந்தது. சினையோ என்று நான் தடவிப் பார்த்தேன். நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள்: "கொழுப்பு இல்லாததுனாலதான் மருந்து ஆகலன்னு நீதான சொன்னே? நெய்ச்சோறு போட்டுக் கொழுப்ப ஏத்திட்டேன். இனி எந்த ஊசி வேணா போடு." நாய் தின்கிற சோற்றால் சிப்பிப்பாறை லாப்ரடார் ஆகிவிடாது, பிறவியிலேயே அவளுடைய ஈரல் அப்படி, என்று உங்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நெய்ச்சோற்றை நிறுத்தியதற்காக அவள் என்னோடு பல நாள் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஜீப் ஸ்டாண்டில் உங்கள் பிரசாரம்தான் அதைவிடக் கூத்து. மேலே ஏறுகிற ஜீப், கீழே இறங்குகிற ஜீப், எதில் நாய் இருந்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். உங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் ஒருமுறை தன் சப்பை மூக்கு பக் நாயோடு ஜீப்பில் மலையிறங்கி வந்தபோது, அரை மலையாளத்தில் "சேட்டா, பட்டிக்கு குளிக வல்லதும் கொடுத்தோ?" என்று நடுரோட்டில் விசாரணை நடத்தினீர்களாம். நாய்க்கு மாத்திரை எதுவும் கொடுத்தாரா என்று கேட்டதற்கு அவர் பாதி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார். வந்தது வினை. அவரை ஜீப்பை விட்டு இறங்கவே விடாமல் நேரே என்னிடம் ஓட்டிவரச் செய்தீர்கள். "மூஞ்சி சப்பையா இருந்தா மூச்சு முட்டும், ஒடம்பு ஒல்லியா இருந்தா தூக்கம் தெளியாது. ரெண்டுக்கும் மாத்திரை கூடாது, ஆமா" என்று என் வாசலில் நின்று நீங்களே தீர்ப்பும் சொன்னீர்கள். ரொம்பச் சுருக்கம்தான், ஆனால் தப்பென்று சொல்ல முடியாது. தொண்டை தளர்ந்தால் அந்தக் குட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். அன்று அந்த பக் குறட்டை விட்டுக்கொண்டே என் மேசையில் கிடந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெளிந்து வீட்டுக்குப் போனது. சேட்டன் இன்றும் உங்களைப் பற்றிப் பேசினால் எழுந்து நின்றுதான் பேசுகிறார்.

உங்களிடம் நான் தோற்காத ஒரே விஷயம் மாத்திரைதான். தோட்டத்துக்கு என்னை அழைத்துப்போன ஒவ்வொரு தடவையும், மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பீர்கள். "பாதி போட்டுக்கோ தாயி." நான் டாக்டர், என் உடம்பு எனக்குத் தெரியும் என்று வீராப்பாக மறுப்பேன். சில வளைவு தாண்டியதும் முத்தண்ணன் எதுவும் கேட்காமல் ஜீப்பை ஓரம் கட்டுவார். நான் இறங்கி ஓடுவேன். நீங்கள் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் ஊற்றுவீர்கள். சீமாட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மாத்திரை இல்லாமலே ஜம்மென்று உட்கார்ந்து, என்னைப் பார்ப்பாள். "பாரு, நாயிக்கு இருக்கிற தெம்பு இந்தப் படிச்ச புள்ளைக்கு இல்ல" என்று நீங்கள் சிரிப்பது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

போன ஐப்பசி மழையில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் கோபமாக வந்தது. ஊரையே தொந்தரவு செய்துகொண்டிருந்தவர் நீங்கள், போகும்போது மட்டும் என்ன அத்தனை மரியாதை? காரியம் முடிந்து உங்கள் மகன் தோட்டத்தைச் சேட்டனிடம் குத்தகைக்கு விட்டார். சீமாட்டியைச் சென்னை ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்று தயங்கித் தயங்கி என் வாசலில் நின்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் உள்ளே வந்து என் நாற்காலிக்கு அடியில் படுத்துவிட்டாள். ஸ்வெட்டர் அவர் கையில் இருந்தது.

இன்று காலை அவளைத் தூக்கி மேசையில் வைத்தேன். எனக்கு உதவியாக இருக்கும் செல்வி கையுறையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், வாயில என்ன போட்டீங்க?"

"ஏய், நான்தான்டி டாக்டரு."

"யாரா இருந்தாலும் கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

சந்தோஷமாக இருந்தது அக்கா. உங்கள் கேள்வி என் சட்டையையே பிடித்தது. நேற்றுச் சாயங்காலம் கஞ்சி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்று கைகட்டிப் பதில் சொன்னேன். ரத்தப் பரிசோதனை முன்னமே பார்த்திருந்தேன். இவள் உடம்புக்கு ஒத்துவருகிற மருந்தாகத் தேர்ந்தெடுத்து, சொட்டுச் சொட்டாக, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். தொண்டையில் குழாய், அடியில் வெந்நீர்ப் பை, நாக்கில் மாட்டிய கருவி கீக் கீக் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தது. பல் வந்தது. இவ்வளவுதானா என்று கேட்கிற மாதிரி ஒரு துண்டு. மருந்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் விழுங்கப் பார்த்தாள், குழாயை எடுத்தேன். ஸ்வெட்டரைப் போர்த்தி, சிவப்புப் பட்டனையும் வெள்ளைப் பட்டனையும் போட்டுவிட்டேன்.

அப்புறம் மறுபடியும் அந்தக் காத்திருப்பு. ஈறு சிவப்பாக இருக்கிறது, நாடி நன்றாக இருக்கிறது, சூடு குறையவில்லை. எல்லாம் சரி. ஆனால் கண் திறக்கவில்லை. பெயர் சொன்னேன், காதைத் தடவினேன். வயதான நாய், நேரம் எடுக்கும் என்று செல்விக்கு விளக்கம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியுமா அக்கா, அப்போது நான் உங்களிடம் மனசுக்குள் கெஞ்சினேன். நீங்கள் தூங்கிப் போய்விட்டீர்கள், இவளையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள் என்று.

முத்தண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார். வாசலில் ஜீப் இல்லை, ஆரன் இல்லை. நான் என்ன நினைத்தேனோ, மேசையைத் தட்டி, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏ சீமாட்டி! ஜீப்பு கெளம்பிருச்சுடீ!"

செல்வி கையில் இருந்த தட்டைக் கீழே போட்டாள். வெளியே பூனையோடு காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். என் வாயிலிருந்து வந்தாலும் அது உங்கள் அதட்டல்தான், அந்த இழுப்பும் அந்த "டீ"யும் அப்படியே வந்தன. சீமாட்டி தலையைத் தூக்கினாள். வீங்கிய கன்னமும் தொங்கும் உதடுமாக, ஆடிக்கொண்டே தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தாள். வால் மேசையில் பட் பட் என்று அடித்தது. நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன் அக்கா, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் தயிர்சாதம் குழைத்துக் கொடுத்தேன். நக்கிவிட்டு, நெய் எங்கே என்கிற மாதிரி பார்த்தாள். பிழைத்துவிட்டாள் என்று அப்போது எனக்கு முழு நம்பிக்கை வந்தது. முத்தண்ணன் இறங்கி வந்ததும் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். வாசலில் நின்று ஒரு தடவை ஆரன் அடித்தார். அவள் இறங்கிப் போய் ஜீப்பின் முன்சீட்டில், உங்கள் இடத்தில், ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறக்குவதற்குப் படாத பாடு பட்டோம்.

கன்னம் வற்றட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறேன். சேட்டன் ஸ்டோரில் காய் உலரப் போட்டிருக்கிறாராம், சுவர் சூடாகத்தான் இருக்கும். முன்சீட்டை அவளுக்கே விட்டுவிடுகிறேன், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டேன். முந்தல் தாண்டியதும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பேன்.

சீமாட்டிக்குக் கிடையாது. எனக்குப் பாதி.